தார்: குதிரையின் மார்பில் தொங்கிய சொல்

தார் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது சாலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறிப்போகும் பாதையும் தார்ச் சாலைதான். அந்தத் தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. வாழைக்குலையைத் தார் என்கிறோம். அது வல்லின றகரம் போட்டு எழுதவேண்டிய தாறு. மாட்டைக் குத்தும் தார்க்குச்சி பழைய தாற்றுக்கோல், அதுவும் தாறே. வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டுகிறோமே, அங்கும் றகரம்தான். பேச்சில் இரண்டு ரகரமும் ஒன்றாகிவிட்டதால் இத்தனை சொற்களும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. இவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தால் பின்னால் இன்னொரு தார் இருக்கிறது. இடையின ரகரத் தார், மார்பில் தொங்குவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மனிதர் மார்பில் தொங்கியதை எல்லோரும் அறிவார்கள். குதிரையின் மார்பிலும் அது தொங்கியது என்பதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

பழந்தமிழில் பூவைக் கட்டிச் சூடுவதற்குப் பல பெயர்கள் உண்டு. தலையில் சூடுவது கண்ணி. மார்பில் தொங்குவது தார். புறநானூற்றின் கடவுள் வாழ்த்து சிவனுக்கு இரண்டையும் தனித்தனியே சூட்டுகிறது. தலைக்குக் கொன்றைக் கண்ணி, மார்புக்குக் கொன்றைத் தார். பூ ஒன்று, இடம் மாறினால் பெயரும் மாறுகிறது. மலையாளக் கவிதையில் தார் என்பது இன்றும் பூவையே குறிக்கும். திருமகளைத் ‘தார்மகள்’ என்று சொல்வது அவர்கள் வழக்கம். ஆகவே சொல் பூவிலிருந்து புறப்பட்டு, கோத்த மாலைக்கு வந்து, மாலை தொங்கும் மார்பில் நிலைகொண்டது என்று கொள்ளலாம். கிளியின் கழுத்தில் ஓடும் சிவந்த கோட்டுக்கும் தார் என்றே பெயர். செந்தார்க் கிளி என்று புலவர்கள் பாடியது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

அடுத்த பொருள்தான் என்னை இந்தச் சொல்லின் பின்னால் போகவைத்தது. தார் என்றால் படையின் முன்னணி, தூசிப்படை. தொல்காப்பியம் தும்பைத் திணையில் ‘தார்நிலை’ என்று ஒரு துறை வகுக்கிறது. தன் வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொண்ட நேரத்தில் ஒரு வீரன் தனியாக மீண்டு வந்து எதிரிகளை வெட்டி நிற்கும் நிலை அது. மார்பில் கிடந்த பூமாலை எப்படிப் போர்க்களத்தின் முன்வரிசை ஆயிற்று? அகராதிகள் பொருள்களை எண் போட்டு அடுக்கிவிட்டு நகர்ந்துவிடும். ஒன்று மாலை, இன்னொன்று படை, மற்றொன்று கிண்கிணிமாலை என்று வரிசை போகும். அந்தக் கிண்கிணிமாலையில்தான் விடை இருக்கிறது என்பது என் எண்ணம். அது குதிரைக்குக் கட்டிய மணிச்சரம். மாலைக்கும் படை முகப்புக்கும் நடுவில் பாலமாக நிற்பது குதிரைதான்.

இதைச் சொல்ல கள்ளக்குறிச்சியைவிடப் பொருத்தமான நிலம் எனக்குத் தெரியவில்லை. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கிய இந்தப் பகுதியில்தான் பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர் இருக்கிறது. மலையமான் திருமுடிக்காரியின் ஊர் அது. கபிலர் பாடிய தலைவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். முள்ளூர் மலைக்கு உரியவன். அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். கொல்லிமலைத் தலைவன் ஓரி. அவன் குதிரையும் ஓரி. சிறுபாணாற்றுப்படை இந்த இரட்டைப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லி, காரிக் குதிரைக் காரி ஓரிக் குதிரை ஓரியோடு பொருததை நினைவூட்டுகிறது. ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் காரி என்பது அகநானூற்றுச் செய்தி. குதிரையின் பெயரும் ஆளின் பெயரும் ஒன்றாகும் அளவுக்கு இந்த மலைநாட்டுத் தலைவர்களின் வாழ்வில் குதிரை கலந்திருந்தது.

மலையமான் காசும் அதையே சொல்கிறது. திருக்கோவலூர் வட்டாரத்துப் பெண்ணையாற்று மணலில் கிடைத்த மலையமான் காசுகளை நாணயவியல் அறிஞரும் தினமலர் ஆசிரியராக இருந்தவருமான இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மலையும் ஆறும். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று காசில் அடையாளம் பொறித்த காலத்தில், மூவேந்தரும் துணைக்கு அழைத்த இந்தக் குறுநிலத் தலைவன் தன் காசில் குதிரையை நிறுத்தினான்.

சிறுபாணாற்றுப்படை காரியின் கொடையைச் சொல்லும்போது, இரவலருக்கு அவன் கொடுத்த குதிரையின் வெண்ணிறப் பிடரி மயிரையும் ஒலிக்கும் மணியையும் சேர்த்தே சொல்கிறது. குதிரையை மட்டும் அவன் கொடுக்கவில்லை, மணியோடு கொடுத்தான். அந்த மணி எங்கே கட்டியிருந்தது? கலித்தொகையின் 96ஆம் பாட்டில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. பரத்தையிடம் போய்வந்த தலைவன் ‘குதிரை ஏறப் போயிருந்தேன்’ என்று சாக்குச் சொல்ல, எந்தக் குதிரை என்று எனக்குத் தெரியும் என்று தலைவி அவளுடைய அணிகளையே குதிரைக் கருவிகளாக ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறாள். வல்லிகை, மத்திகை, புட்டில் என்று வரும் அந்த அடுக்கில் ‘தார்மணி’யும் வருகிறது. ஊடலுக்காகப் பாடிய பாட்டு, இன்று நமக்குக் குதிரைக் கருவிகளின் பட்டியலாகவும் இருக்கிறது. மருதக்கலி பாடிய புலவர் குதிரை லாயத்துக்குள் போய் நின்று பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

தார்மணி என்ற கூட்டுச்சொல் வந்துவிட்ட பிறகு படை முகப்புக்குத் தார் என்று பெயர் வந்தது எனக்குப் புதிராகத் தெரியவில்லை. எதிரே வரும் குதிரைப்படையில் முதலில் கண்ணில் படுவது வரிசை வரிசையான மார்புகள். அதற்கும் முன்னால் காதில் விழுவது அந்த மார்புகளில் கோத்த மணிகளின் ஒலி. முன்னால், வரிசையாக, மார்பளவில் தொங்குவது என்ற மூன்றும் மாலைக்கும் பொருந்தும், மணிச்சரத்துக்கும் பொருந்தும், முன்னணிப் படைக்கும் பொருந்தும். குறுங்குடி மருதனார் அகநானூற்று நான்காம் பாட்டில் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவனைக் காட்டுகிறார். பூவில் துணையோடு தேனுண்ணும் வண்டு கலைந்துவிடக் கூடாதே என்ற கரிசனம் அவனுக்கு. காதலுக்காக வருகிறவன் மணியை அடக்குகிறான். போருக்கு வருகிறவன் ஒலிக்கவிடுகிறான்.

மணி அழகுக்கும் அறிவிப்புக்கும் என்றால், அதைத் தாங்கிய பட்டை எதற்கு? இதற்கு மலையேறும் குதிரையைப் பார்க்கவேண்டும். குதிரை மேட்டில் ஏறும்போது ஏறியிருப்பவரின் எடை முழுவதும் பின்னால் சரியும். சேணம் இடுப்பை நோக்கி நழுவும். வயிற்றுக்கச்சையை எவ்வளவு இறுக்கினாலும் மார்பு அகன்று வயிறு ஒடுங்கிய குதிரைக்கு அது போதாது. அளவுக்கு மீறி இறுக்கினால் மூச்சு முட்டும். மார்பின் குறுக்கே ஒரு பட்டை ஓடி இரு பக்கமும் சேணத்தில் மாட்டியிருந்தால் சேணம் இருந்த இடத்தில் இருக்கும். இறங்கும்போது சேணம் கழுத்தை நோக்கி முன்னால் சரியும். அதற்கு வாலடியில் போகும் வார் வேண்டும். சமவெளியில் மட்டும் ஓடும் குதிரைக்கு இரண்டும் இல்லாமல் காலம் தள்ளலாம். கல்வராயன் மலை, கொல்லிமலை போன்ற சரிவுகளில் முடியாது. மலையமானின் நாட்டில் மார்ப்பட்டை வேலை செய்யும் கருவி. மணியும் பூவும் அதன்மேல் ஏறிய அழகு.

குதிரை இந்த மண்ணில் பெருவாரியாகப் பிறந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, காயல் துறையில் ஓர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் இறங்கியதையும், பாண்டியர் பெருந்தொகை கொடுத்து ஆண்டுதோறும் அவற்றை வாங்கியதையும், வாங்கியவை ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போனதையும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. தெரிந்தவர் இங்கு வராதபடி விற்கிறவர்களே பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும் பக்கம் அது.

குதிரையோடு சொற்களும் இறங்கின. ஜீனி, லகான், சவாரி, சவுக்கு எல்லாம் பாரசீகம் வழி வந்தவை. ராவுத்தர் என்ற பெயர் குதிரை வீரனைக் குறித்தது. மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று விளிக்கிறது கந்தரலங்காரம். வந்த சொற்கள் இருந்த சொற்களை ஓரம் தள்ளின. லகான் வந்த பிறகும் கடிவாளம் பிழைத்துக்கொண்டது. வல்லிகையும் தாரும் பிழைக்கவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இந்த மாற்றத்தின் தடம் உண்டு. தியாகதுருகம் மலைக்கோட்டையைக் கர்நாடகப் போர்களைப் படித்தவர்கள் அறிவார்கள். 1760இல் புதுச்சேரி ஆங்கிலேயரின் நெருக்குதலில் இருந்தபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூர் ஐதர் அலியின் படை உதவியைக் கேட்டார். அதற்கு ஈடாகத் தியாகதுருகத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மைசூர்க் குதிரைப்படை இந்தப் பக்கமெல்லாம் வந்துபோன காலம் அது. அந்தப் படைகளின் இந்துஸ்தானிப் பேச்சில் குதிரையின் தலையை மேலே தூக்கவிடாமல் அடக்கும் வாருக்கு ‘ஸேர்பந்த்’ என்று பெயர். ஸேர் என்றால் கீழே, பந்த் என்றால் கட்டு. முன்னங்கால்களுக்கு நடுவே ஓடி அடிவயிற்றுக் கச்சையில் முடியும் வாருக்கு அது தெளிவான பெயர்தான்.

அதே வாரை ஐரோப்பியர் மார்ட்டிங்கேல் என்றார்கள். இந்தப் பெயரின் பிறப்பில் இன்னும் வழக்கு தீரவில்லை. தென்பிரான்சின் மார்த்திக் என்ற கடற்கரை ஊரார் அணிந்த ஒருவகைக் கால்சட்டையின் பின்வாரிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். குதிரையின் தலைக்கயிற்றைக் குறிக்கும் அரபுச் சொல் ஸ்பெயின் வழியாக மருவியது என்பார் மற்றொரு சாரார். அந்தப் பெயர் பிறகு சூதாட்டத்துக்குப் போனது. தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறைக்கு 18ஆம் நூற்றாண்டில் அதுவே பெயர். 1939இல் ழான் வில் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அதை நிகழ்தகவுக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். அங்கே அதைத் தொட்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் 1940இல் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன். டேனியல் ஸ்ட்ரூக்குடன் சேர்ந்து 1969இல் அவர் வகுத்த ‘மார்ட்டிங்கேல் பிராப்ளம்’ இன்று உலகம் முழுவதும் பாடமாக இருக்கிறது; 2007இல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது. குதிரை வாரின் பெயர் ஒரு தமிழரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது இப்படி. குதிரையோடு இருந்த நம் சொந்தச் சொல்லுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இன்றைக்குக் குதிரை வளர்ப்பவர்களும் இந்தக் கருவிகளுக்கு ஆங்கிலப் பெயரையே சொல்கிறார்கள். எழுத்தில் சிலர், மார்ப்பட்டையின் ஆங்கிலப் பெயரான பிரெஸ்ட்பிளேட்டை ‘மார்புக் கவசம்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது தவறு. அம்பைத் தடுக்கும் தகடு எதுவும் அங்கே இல்லை. சேணத்தைப் பிடிக்கும் தோல்வார்தான் இருக்கிறது. பெயர் பிசகினால் வேலையும் பிசகும் என்பதற்கு இது நல்ல இடம். கவசம் என்று நினைப்பவர் அதை இறுக்கமாகவும் அகலமாகவும் தேடுவார். உண்மையில் வேண்டியது தளர்வு. மார்பின் நடுவில் வளையம் விழும் இடத்தில் ஒரு கைமுட்டி நுழையவேண்டும். குறுக்கே ஓடும் பட்டையானால் குரல்வளைக்குக் கீழே, தோள்முனை எலும்புக்கு மேலே நிற்கவேண்டும். மேலே ஏறினால் மூச்சுக்குழாயை அழுத்தும். கீழே இறங்கினால் முன்கால் வீச்சைத் தடுக்கும். நின்றிருக்கும் குதிரையின்மேல் சரியாகத் தெரிவது நடக்கும்போது சரியாக இருக்காது. ஆகவே பூட்டிவிட்டு ஒரு சுற்று நடத்திப் பார்த்துத்தான் துளையை முடிவு செய்யவேண்டும்.

மார்ட்டிங்கேலில் இரண்டு வகை. ஒன்று கச்சையிலிருந்து நேரே மூக்குப்பட்டைக்குப் போகும்; அதைக் கடிவாள இரும்பில் மாட்டவே கூடாது. குதிரை இயல்பாகத் தலையை வைத்திருக்கும்போது வாரை மேலே தூக்கினால் தொண்டையின் வளைவைத் தொடும் அளவுக்கு நீளம் வேண்டும். மற்றது மார்பில் இரண்டாகப் பிரிந்து, முனைகளில் உள்ள வளையங்களின் வழியே கடிவாளக் கயிற்றை விடுவது. அந்த வளையங்கள் வாயருகே நழுவிப்போய்க் கொக்கியில் சிக்காதிருக்கக் கயிற்றில் தோல் அல்லது ரப்பர் தடுப்பு கட்டாயம். இரண்டிலும் நோக்கம் தலையைக் கீழே இழுத்துக் கட்டுவதன்று. எல்லை மீறி வீசும்போது மட்டும் வார் பேசவேண்டும். தலையைத் தூக்கும் குதிரைக்கு முதலில் பல்லையும் முதுகையும் பார்க்கவேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்வது. வலியால் தலையாட்டும் குதிரைக்கு வார் போட்டு அடக்குவது கொடுமை.

தோலைக் காப்பது இன்னும் எளிது, இன்னும் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். வியர்வையின் உப்பு காய்ந்து படிந்தால் தோல் வெடிக்கும். அன்றன்று ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைக்கவேண்டும். வெயிலிலும் அடுப்பருகிலும் கூடாது. எண்ணெய் சிறிதளவே போடவேண்டும். ஊறும்படி விட்டால் தையல் நூல் இற்றுப்போகும். கல்வராயன் மலை போன்ற ஈரமான இடத்தில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடிய பெட்டியில் அடைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் தப்பும். வாரை மடக்கிப் பார்த்தால் முதலில் விரிசல் தெரியும் இடம் கொக்கி உட்காரும் மடிப்புத்தான். முன்னங்கால் இடுக்கில் மயிர் உதிர்ந்திருந்தால் வார் உரசுகிறது என்று பொருள். புண்ணாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உயிருள்ள குதிரை குறைந்த பிறகும் தார் இந்த வட்டாரத்தில் முற்றாக அழியவில்லை. சொல் போய்விட்டது, பொருள் மண்ணிலும் மரத்திலும் தங்கிவிட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களின் எல்லையில் அய்யனாரப்பன் கோயில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகளின் மார்பைப் பாருங்கள். குயவர் உடலை வனைந்து முடித்து, ஈரம் முழுதும் போவதற்குள் களிமண்ணைக் கயிறுபோல் உருட்டி மார்பின் குறுக்கே பதிக்கிறார். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிய தடம் பட்டையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும். அதன்மேல் சிறு உருண்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கீறல். அந்த ஒரு கீறலில் உருண்டை மணியாகிவிடுகிறது. சேணமும் கடிவாளமும் கொஞ்சம் அரைகுறையாக இருக்கும் குதிரையில்கூட இந்த மணிச்சரம் விட்டுப்போவதில்லை. வேலூர்க் கோட்டைக் கல்யாண மண்டபத்திலும் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும் முன்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளுக்குச் சிற்பிகள் இழைத்த அணிகளைக் குயவர் விரல் மண்ணில் சொல்கிறது.

மரத்தில் இன்னும் நுட்பம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்ச்சிற்பங்களும் கோயில் வாகனங்களும் செய்யும் ஊரில் குதிரை வாகனத்தின் மார்ப்பட்டை தனிக் கவனம் பெறும் பகுதி. நல்ல சிற்பி மார்பின் புடைப்புக்கு ஏற்பப் பட்டையை வளைத்து, மணிகளை நடுவில் பெரிதாகவும் தோள்பக்கம் சிறிதாகவும் இறக்குகிறார். பட்டை தோள்முனைக்கு மேலே, குரல்வளைக்குக் கீழே சரியாக உட்கார்ந்திருந்தால், அதைச் செதுக்கிய கைக்கோ அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்த கைக்கோ குதிரை தெரிந்திருக்கிறது என்று பொருள்.

அந்தியூர்க் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையிலும், கொடைக்கானல் ஏரிக்கரையிலும், காவல் துறையின் குதிரைப்படையிலும் இந்தக் கருவிகள் இன்றும் புழங்குகின்றன. தமிழில் எழுதுகிறவர்கள் இனியாவது இவற்றுக்குப் பிசகாத பெயர் வைக்கலாம். சேணத்தைப் பின்னால் நழுவாமல் பிடிப்பது மார்ப்பட்டை. தலையை எல்லைக்குள் நிறுத்துவதைத் தலைவார் என்று சொன்னால் கேட்பவருக்குப் புரியும். மார்ட்டிங்கேல் என்றே சொன்னாலும் தவறில்லை, அது உலகம் சுற்றிய சொல். மார்ப்பட்டையில் மணி கோத்துவிட்டால் மட்டும் புதிதாக ஒன்றும் தேடவேண்டாம். அதற்குத் தார்மணி என்று கலித்தொகையிலேயே பெயர் இருக்கிறது.